சோதித்துப் பார்த்தவர்: சாந்தாமணி

மகிழினி உங்ககிட்ட என்னங்க சொல்லுச்சு? அன்னிக்கு நான் பேசினதை முழுசாக் கேட்டுச்சுங்களா, இல்லை கொஞ்சம் விட்டு விட்டுத்தான் கேட்டுதா?

உட்காருங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல பாப்பா பிஸ்கட்டை நசுக்கி வெச்சிருக்குது. இப்படி சோபாவுக்கு வாங்க. மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்த மனுஷி, ‘என் பொண்ணோட பாட்டு கிளாஸ் ஏன் நின்னு போச்சு’ன்னு கேக்க வீடு தேடி வந்திருக்கீங்க. பக்கத்துத் தெருதான் உங்கம்மா வீடுன்னாலும், இந்தக் காலத்துல யாரு வர்றாங்க? நீங்க அக்காகிட்டக் கேட்டீங்க. அவங்க ‘காபி குடிக்கறீங்களா’ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. நான் சொல்றேன். சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் பேரு பிருந்தா. சாந்தாமணி அக்காவும் நானும் ஓரகத்திங்க. அவங்க பெரிய மருமக, நான் சின்னவ. எங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பின்னாடி இருக்கற வாழை மண்டியைப் பார்த்துக்கறாங்க. எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கோயம்புத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனி. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் பெட்டி செய்யறாங்க, ரவுட்டர்னு சொல்றோமே, அது. பெட்டிக்குள்ள ஓடற புரோகிராமை எழுதறவங்கள்ல நானும் ஒருத்தி. வீட்டுல இருந்தேதான் வேலை. பாப்பா பிறந்ததும் விட்டுடுவேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நான் விடலை. ‘கைக்குழந்தையை வெச்சுட்டு எப்படிம்மா சமாளிக்கறே’ன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. என்னமோங்க, எங்க வீட்டுல எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பாப்பா எந்நேரமும் சமையல்கட்டுலயே விளையாடிட்டுக் கிடக்கும்.

அக்கா! காபிக்குச் சர்க்கரை கம்மியாப் போடுங்க! அப்படியே பாப்பாவுக்கும் பாலை ஆத்திடுங்க!

பெட்டியைப் பத்திச் சொல்லாம விஷயம் புரியாது, அதனால சொல்லிடறேன். பயப்படாதீங்க, நான் படிச்சதே நம்பியூர் பக்கம் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துல. எனக்குப் புரிஞ்சது யாருக்கும் புரியும்.

எங்க ஊர்ல பால் சொசைட்டிக்கு ஒரே ஒரு ஜன்னல். ஒருத்தர் பாலை ஊத்தி, அளந்து, முடிக்கற வரைக்கும் மத்தவங்க எல்லாம் கேனைத் தூக்கிட்டு நிக்கணும். அங்க மாடு கத்தும், பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பும், நாம இங்க சும்மா நிப்போம். பெட்டிக்குள்ளயும் அதே கதைதான். உள்ள நாலு புராசஸர் இருக்குது. நாலு ஆளுன்னு வெச்சுக்கங்க. ஆனா வெளிய அனுப்பற ஜன்னல் ஒண்ணு. ஒரு ஆள் ஜன்னல்ல நின்னு அனுப்பினா மத்த மூணு பேரும் ‘ஆச்சா, ஆச்சா’ன்னு கேட்டுட்டே வெளிய நிப்பாங்க. வேற வேலை பார்க்க மாட்டாங்க. ஆளைக் கூட்டினா வேகம் கூடும்னுதான் நாலு புராசஸர் வெச்சாங்க. கூடினது நெரிசல்தான்.

இதனால கஷ்டப்பட்டது யாருன்னா, அக்காதான். மண்டியில கேமரா நிறைய இருக்குது. எல்லாப் படமும் எங்க வீட்டுப் பெட்டி வழியாத்தான் வெளிய போகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மண்டியில லாரி வர்ற நேரம், அக்காவுக்குக் கிளாஸ் நேரம். உங்களுக்குத் தெரியுமே. அக்கா ‘ச’ பாடினா மகிழினிக்கு ‘ச’ போகும். ‘ரி’ வழியிலேயே நிக்கும். தாளம் போடச் சொன்னா ஒவ்வொரு ஊர்க் குழந்தையும் ஒவ்வொரு நேரத்துல கை தட்டும். அக்கா ஒரு நாள் வந்து, ‘பிருந்தா, எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மணி நேரம்தான், அதைக் கொஞ்சம் பாரேன்’னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கலை. அவங்களுக்காகத்தாங்க ஆரம்பிச்சேன். சத்தியமா அவங்களுக்காகத்தான்.

என்ன செஞ்சேன்னா, யாரும் ஜன்னல்கிட்ட நிக்க வேண்டாம்னு எழுதினேன். கேனை ஓரமா வெச்சுட்டு அவங்கவங்க சோலியைப் பார்க்கப் போகட்டும். உள்ள யாரு நிக்கறாங்களோ, அவங்க தன்னோடதையும் ஊத்தி, ஓரமா வந்து சேர்றதையும் ஊத்திட்டுத்தான் வெளிய வரணும். எப்படியும் உள்ளதானே நிக்கறாங்க, அவங்களுக்கு என்ன கஷ்டம்? எங்க டீம் லீடர் ஜெபராஜ் சார், ‘இது எப்படிம்மா உனக்குத் தோணுச்சு’ன்னு ஆச்சரியப்பட்டாரு. எனக்கே தெரியலீங்க. வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோணுச்சு.

இங்கயே இந்தப் பெட்டியில ஏத்தி ஓட்டிப் பார்த்தேன். மொத்தமா வெளிய போறது எவ்வளவுன்னு அளந்தா, முன்ன போனதைவிடப் பாதிக்கு மேல கூடியிருக்குது! நான் பாப்பாவைத் தூக்கிட்டு ஹால்ல ஒரு ஆட்டம் போட்டேன்.

இப்பத்தாங்க என் கிரகம் ஆரம்பிக்குது. பெட்டிக்குள்ள இருக்கற அடிப்படைப் புரோகிராம் எங்க கம்பெனி சொத்து இல்லை. உலகத்துல யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். திருத்தத்தை ஒரு மெயிலா எழுதிப் பொதுவுல அனுப்பணும், ஊர்ச்சாவடியில நின்னு சொல்ற மாதிரி. ஆயிரக்கணக்கான பேர் படிப்பாங்க. கீழ பேர் வரிசை போடறது வழக்கம். எழுதினவர் இன்னார், குறை சொன்னவர் இன்னார், சோதித்துப் பார்த்தவர் இன்னார். அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பு. வேற ஒருத்தர் ஓட்டிப் பார்த்து ‘சரி’ன்னு சொன்னாத்தான் பெரியவங்க திரும்பிப் பார்ப்பாங்க.

குறை சொன்னவர்னு அக்கா பேரைப் போட்டேன். அது நியாயம்தானே? நம்ம வீட்டு மனுஷி பேரு உலகமெல்லாம் போகட்டும்னு போட்டேன். கை நின்னுச்சுங்களா? நிக்கலை. சோதித்துப் பார்த்தவர்: சாந்தாமணி. அதையும் போட்டேன்.

கேக்காமப் போடலைங்க. கேட்டேன். ஞாயித்துக்கிழமை, இதே சோபாவுல உட்கார்ந்துட்டு, ‘அக்கா, இப்பப் பரவாயில்லையா?’ன்னு சத்தமாக் கேட்டேன். உள்ள இருந்து ‘ம்’ன்னாங்க. எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டுச்சு, என்னமோ போட்டுட்டு இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை அவங்களுக்குக் கிளாஸே கிடையாதுங்கறது எனக்கு அப்ப ஞாபகம் வரலை. எங்க வீட்டுல எதைக் கேட்டாலும் அவங்க ‘ம்’தான் சொல்லுவாங்க. அதை வெச்சுத்தான் எல்லாக் காரியமும் நடக்குது.

பேரைப் போட்டா மெயில் முகவரியும் போடணும். போட்டுட்டா, அதுக்கு வர்ற பதில் எல்லாம் தானா அவங்களுக்கும் ஒரு காப்பி போகும். தெரியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். தெரியும். அக்கா எங்க மெயில் எல்லாம் பார்க்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்.

பார்த்தாங்க.

வெளிநாட்டுல ஒரு பெரியவர், இந்த அனுப்பற வேலைக்கெல்லாம் அவர்தான் நாட்டாமை, நேரா அக்காவுக்கே எழுதிட்டாரு. ‘மதிப்பிற்குரிய சாந்தாமணி, நீங்க எதை வெச்சு எப்படிச் சோதிச்சீங்க?’ன்னு. அக்கா எம்.ஏ. மியூசிக், கான்வென்ட்ல படிச்சவங்க. நான் ஒரு இங்கிலீஷ் மெயிலைக் கூட்டிக் கழிச்சு எழுதறதுக்குள்ள அவங்க பத்து எழுதிடுவாங்க. எழுதிட்டாங்க, எல்லாருக்கும் போற மாதிரியே. ‘நான் சோதிக்கவில்லை. ஞாயிறு தவிர தினமும் மாலை ஐந்து மணிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாற்றத்துக்குப் பிறகு என் குரல் முன்பைவிட அதிகமாக உடைகிறது. என் பெயரை யார் சேர்த்தது என்று தெரியவில்லை. அன்புடன், சாந்தாமணி.’ அன்புடனாம்!

அதுக்கு அந்தப் பெரியவர் ஒரே ஒரு வரி போட்டாரு. சோதிக்காதவரைச் சோதித்தவர் என்று எழுதுவது இங்கே வழக்கமில்லை. அவ்வளவுதான்.

பாப்பாவுக்குச் சட்டை போட்டுட்டே போனைப் பார்த்தேன். அந்த வரியைப் படிச்சுட்டு, ரெண்டு கையையும் ஒரே சட்டைக் கைக்குள்ள நுழைச்சு விட்டிருக்கேன், பாப்பா வீல்னு கத்துது, எனக்கு உறைக்கலை. அந்த மெயிலை யாராலயும் அழிக்க முடியாதுங்க. என் பாப்பா பெரிசாகி அம்மா பேரைத் தேடினாலும் அதுதான் முதல்ல வந்து நிக்கும். ஜெபராஜ் சார் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. ‘உங்க அக்கா நல்லா எழுதறாங்கம்மா’ன்னாரு. கூட வேலை பார்க்கற பசங்க இருக்கானுங்களே, யாரு எதை முடிச்சேன்னு சொன்னாலும், ‘சாந்தாமணி அக்கா பார்த்தாங்களா?’ன்னு கேக்கறானுங்க. நானும் சிரிக்கறேன். சிரிக்காம என்ன பண்றது? கேமராவை அணைச்சுட்டுப் போய் முகத்தைக் கழுவிட்டு வருவேன்.

அக்கா சொன்னது நிஜம்ங்க. அதுதான் இன்னும் வலிக்குது. உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் எவ்வளவு போகுதுன்னு அளந்தேனே தவிர, யாரோடது எப்பப் போகுதுன்னு நான் பார்க்கவே இல்லை. கேமராப் படம் எல்லாம் கேன் கேனா வர்ற சரக்கு. பாட்டு அப்படி இல்லை, சொம்பு சொம்பா, ஓயாம வந்துட்டே இருக்கும். அடிக்கடி வர்ற ஆள்தானே அடிக்கடி ஜன்னல்ல மாட்டுவாங்க? அக்கா பாட்டைத் தூக்கிட்டு வந்த புராசஸர், தன்னோட ஒரு சொம்பை ஊத்திட்டுப் போலாம்னு உள்ள வரும். வந்ததும் மத்த மூணும் கேனை ஓரமா வெச்சுட்டு நடையைக் கட்டிடும். இது ஒண்டியா எல்லாக் கேனையும் தூக்கி ஊத்திட்டு நிக்கும். ஊத்த ஊத்த வந்துட்டே இருக்கும். அதோட அடுத்த சொம்பு அங்க பின்னால காஞ்சுட்டுக் கிடக்கும். மொத்தக் கணக்குல பார்த்தா எல்லாம் அமோகம்! அந்தப் புராசஸரை நினைச்சா எனக்கு அப்படி ஒரு பாவமா இருந்துச்சுங்க. நம்ப மாட்டீங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இருங்க, போன் அடிக்குது. இவர்தான்.

அக்கா! மண்டிக்கு லோடு வந்திருச்சாம், அவங்களுக்கும் டீ வெச்சுடுங்க! அத்தை கோயில்ல இருந்து வர்ற நேரமாச்சு, சுக்குத் தண்ணியும் ஒரு அடுப்புல ஏத்திடுங்க! எப்படியும் அங்கதானே நிக்கறீங்க!

ம். அப்புறம் அதைத் திருத்தினேன். உள்ள நிக்கறவங்க ஓரளவுக்குத்தான் மத்தவங்க கேனைத் தூக்கணும், அந்த அளவு முடிஞ்சா ‘இனி உங்க பாடு’ன்னு ஜன்னலை விட்டு வந்துடணும், கேன் யாரோடதோ அவங்க வந்து ஊத்தணும். சின்னத் திருத்தம்தான். அதை எழுதினப்ப, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலையேன்னு இருந்துச்சு.

போன புதன்கிழமை மத்தியானம் பெட்டியில ஏத்தினேன். அஞ்சு மணிக்கு அக்கா அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாங்க. நான் இங்க என் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டே இருக்கேன். பாட்டு சொட்டு விடாமப் போகுது. மண்டியில லாரி வந்துச்சு, கேமரா எல்லாம் திமுதிமுன்னு தள்ளுது, அப்பவும் பாட்டுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குச் சந்தோஷம்தான் வரணும். வந்தது ஆத்திரம். இவங்க ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா நான் சத்தமில்லாமத் திருத்தியிருப்பேனே, உலகத்து முன்னாடி என்னை நிக்க வெச்சுட்டாங்களேன்னு. அந்த நேரம் பார்த்துப் பாப்பா பாலுக்கு அழுதுச்சு. அத்தை ‘இட்லி ஊத்த ஆள் இல்லையா’ன்னு குரல் குடுத்தாங்க. இவர் மண்டியில இருந்து டீக்குப் போன் பண்றாரு. நான் போய்க் கதவைத் திறந்துட்டேன்.

என்ன சொன்னேன்னு மகிழினி சொல்லியிருக்குமே. நானே சொல்லிடறேன். ‘நாலு குழந்தைக்கு ச ரி க ம சொல்லிக்குடுக்கறதுக்கு ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் போடணுமாக்கா? என் பேரைக் கெடுத்துட்டு நீங்க கதவைச் சாத்திட்டுப் பாடுங்க. வீட்டுல ஆயிரம் வேலை கிடக்குது, இந்தக் கிளாஸ் நின்னா யாரு குடி முழுகப் போகுது?’

அப்படியேதான் சொன்னேன். மைக் ஆன்ல இருந்துச்சு. மஸ்கட்டு, சிங்கப்பூரு, எல்லாக் குழந்தையும் ஸ்கிரீன்ல இருக்குதுங்க. உங்க மகிழினி தாளம் போட வெச்ச கை அப்படியே நின்னுடுச்சு. அந்தக் கையை நான் பார்த்தேங்க.

இன்னொண்ணு சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைப்பீங்க. அப்புறம் போய்ப் பெட்டியில பதிவானதை எடுத்துப் பார்த்தேன். நான் பேசின நேரம் மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். எங்கயாவது விட்டுப் போயிருக்கும், ஒரு சொல்லாவது தொலைஞ்சிருக்கும்னு. ஒண்ணுகூடப் போகலை. ஒண்ணுகூடத் தாமதம் ஆகலை. நான் இத்தனை வருஷம் பார்த்த வேலையில அவ்வளவு சுத்தமாப் போய்ச் சேர்ந்தது அதுதாங்க.

அக்கா குழந்தைங்ககிட்ட ‘அப்புறம் பார்க்கலாம் கண்ணுங்களா’ன்னு சொல்லிட்டு மூடினாங்க. நேரா வந்து பாப்பாவுக்குப் பாலை ஆத்தினாங்க. இட்லி ஊத்தினாங்க. மறுநாள் அஞ்சு மணிக்கு அந்த ரூம் பக்கமே போகலை. அதுக்கடுத்த நாளும் போகலை.

நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். ‘பரவால்ல விடு’ங்கறாங்க. ‘கிளாஸ் எடுங்கக்கா’ன்னா ‘பார்க்கலாம்’ங்கறாங்க. பெட்டி மேல நம்பிக்கை போயிடுச்சு போல. தினமும் அஞ்சு மணிக்கு நானே அவங்க லேப்டாப்பை வெச்சுப் பாடிப் பார்க்கறேன். என் குரலுக்கு, பாப்பா காதைப் பொத்திக்குது. ஆனா பாட்டு உடையலை. ‘அக்கா, இப்பச் சத்தியமாச் சரியா இருக்குது, ஒரே ஒரு நாள் எடுத்துப் பாருங்க’ன்னு சமையல்கட்டு வாசல்ல நின்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். அரிசி களைஞ்சுட்டே ‘ம்’ங்கறாங்க. இந்தத் தடவை அந்த ‘ம்’மை நான் எங்கயும் எழுதலைங்க.

நேரமா? அதே அஞ்சு மணிதான். அந்த நேரத்துல வீட்டுல வேற ஒண்ணுமில்லையே. பாப்பாவுக்குப் பாலு. அத்தைக்குச் சர்க்கரை வியாதி, அவங்களுக்கு நேரத்துக்கு இட்லி. மண்டிக்கு டீ. அவ்வளவுதான். அதுக்காக அவங்க கிளாஸை விடணும்னு யாருமே சொன்னதில்லைங்க. நடுவுல ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போவாங்க. எல்லாரும் இருக்கற வீடுதானே.

ஏங்க அப்படிப் பார்க்கறீங்க?

வாங்கக்கா, வாங்க. டீப்பாய் மேல வைங்க. உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன். நல்லவிதமாத்தான். இவங்களே சொல்லட்டும், பெட்டி இப்ப எப்படி...

என்னக்கா?

இவங்கம்மா வீட்டுல கிளாஸ் எடுக்கறீங்களா? எதுக்குக்கா? மகிழினி அம்மா, உங்கம்மா வீட்டுல பழைய பெட்டிதானே? பாருங்க. அதுல பாட்டு இழுக்கும்க்கா, நூலா இழுக்கும். இங்க இவ்வளவு பாடுபட்டு... வேணும்னா இந்தப் பெட்டியவே கழட்டி அங்க மாட்டித் தரேன்.

வேண்டாமா? இழுத்தா இழுக்கட்டுமா?

ஒரு ரூம் இருந்தாப் போதுமா. அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா... நான் அன்னிக்குப் பேசினதுக்காகத்தானேக்கா? அதுக்கில்லையா? நெஜமா? அதுக்கில்லைன்னா வேற எதுக்கு...

இருங்க, பாப்பாவை இப்படிக் குடுங்க. இடுப்புல வெச்சுட்டே எவ்வளவு நேரம் நிப்பீங்க. இது இவங்க காபி. இது எனக்கு. இது பாப்பாவுக்குப் பாலு. உங்களுக்கு எங்கக்கா?

உள்ள ஆறிட்டிருக்கா? எப்ப வெச்சது?

நீங்க உட்காருங்க. இல்லை, உட்காருங்க. மண்டி டீயை நான் கொண்டு போறேன். அடுப்புல இருக்கற எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன், கருகினாக் கருகட்டும். அக்கா, தயவு பண்ணி உட்காருங்க.

அத்தை வந்துட்டாங்க, கேட் சத்தம் கேக்குது. மகிழினி அம்மா, என்னைத் தப்பா நினைச்சாலும் பரவாயில்லை, இது ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த ரூமை அக்காவுக்குக் குடுங்க. ஆனா அக்கா கேட்டாங்கன்னு அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க. நீங்களா வந்து கூப்பிட்டதாச் சொல்லுங்க.